அசல் என்பது எந்த ஆண்டு? அம்பாசிடர் காரும் அதன் மறைவான மாற்றங்களும்

2021 ஜூலையில் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ வாகனங்கள் எனத் தனியே பதிவு செய்வதற்கு அது வழிவகுத்தது. இத்தகைய வாகனங்களின் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டும் சாலையில் ஓட்டலாம். இவற்றோடு ஒரு நிபந்தனையும் உண்டு. வாகனம் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது.

‘அசல் வடிவம்’ என்னும் இந்தச் சொற்றொடரைப் பற்றியதே இப்பதிவு. பழைய காரின் தோற்றத்தைக் கெடுக்காமல் அதை நம்பி ஓட்டக்கூடியதாக மாற்றுவது எவ்வாறு என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் மெக்கானிக்கின் கேள்வி. உண்மையில் அது வரலாற்றுக் கேள்வியும் ஆகும். காரின் வாழ்நாளில் எந்தக் கணத்தை அசல் என்று கொள்வது? அதைத் தீர்மானிப்பவர் யார்?

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். ‘அசல்’ அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். வேர், அடிப்படை என்பது அதன் மூலப்பொருள். தமிழில் அது கடன் கணக்கிலும் பத்திரப் பதிவிலும் நிலைபெற்றது. வட்டிக்கு எதிரான முதல் தொகை அசல். நகலுக்கு எதிரான மூல ஆவணம் அசல். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் விஜயபுரம், நகரி, புத்தூர் வட்டாரத்தில் தெலுங்கின் ‘அசலு’ம் இதே பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ஆனால், மோட்டார் ஷெட்டுக்குள் நுழைந்தால் இச்சொல் பெரும்பாலும் மறைந்துவிடும். அங்கே வழங்குவது ‘ஒரிஜினல்’. அதன் எதிர்ச்சொல் ‘டூப்ளிகேட்’. மெக்கானிக் ஓர் உதிரிப்பாகத்தை ஒரிஜினல் என்று சொல்லும்போது, அது கார் பிறந்த ஆண்டில் பொருத்தப்பட்டது என்று பொருள் கொள்வதில்லை. உரிய நிறுவனம் செய்த தரமான பொருள் என்றே கொள்கிறார். நேற்று வாங்கிய பாகமும் ஒரிஜினலாக இருக்கலாம்.

ஆக, மூன்று பொருள்கள் இங்கே மோதுகின்றன. சட்டத்துக்கு அசல் என்பது தொடக்க நிலை. மெக்கானிக்குக்கு அது தரத்தின் சான்று. உரிமையாளருக்கோ பெரும்பாலும் அது தோற்றம்: வளைந்த பானட், வட்ட முகப்பு விளக்கு, குரோமியப் பூச்சு. இம்மூன்றையும் பிரித்தறியாமல் பேசுவதாலேயே பழைய கார் பற்றிய விவாதங்கள் பலவும் முடிவின்றித் தொடர்கின்றன.

அம்பாசிடரின் வரலாறு இந்த மோதலைத் தெளிவாகக் காட்டுகிறது. 1942இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்திலும் பின்னர் வங்கத்தின் உத்தர்பாராவிலும் பிரிட்டனின் மாரிஸ் கார்களைத் தழுவி வண்டிகளைத் தயாரித்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு இரண்டாம் வரிசை 1954இல் ‘லேண்ட்மாஸ்டர்’ ஆயிற்று. மூன்றாம் வரிசை 1957–58இல் ‘அம்பாசிடர்’ ஆயிற்று. தொடக்கத்தில் அம்பாசிடர் ஏந்தியிருந்தது லேண்ட்மாஸ்டரின் 1476 சி.சி. பக்கவால்வு எஞ்சின். ஓரிரு ஆண்டுகளிலேயே அதை அகற்றிவிட்டு 1489 சி.சி. மேல்வால்வு எஞ்சின் பொருத்தப்பட்டது. அதாவது, அம்பாசிடர் என்று நாம் நினைவில் வைத்திருக்கும் காரின் ‘அசல்’ எஞ்சினே அதன் இரண்டாவது எஞ்சின்தான்.

அதன்பின் முகப்புக் கிராதி மாறியது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 எனப் பெயர்கள் மாறின. 1980ஐ ஒட்டி டீசல் எஞ்சின் வந்தது; இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் என்னும் பெயரை அம்பாசிடர் பெற்றது அப்போதுதான். 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த ‘1800 ஐ.எஸ்.இசட்.’ வகையில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் வடிவமைப்பில் உருவான 1817 சி.சி. எஞ்சினும், தரையில் கம்பி கொண்ட ஐந்து கியர் பெட்டியும் இடம்பெற்றன. இதே எஞ்சின் அதற்கு முன்னரே அந்நிறுவனத்தின் கான்டெஸாவில் ஓடிக்கொண்டிருந்தது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றபோது வெளிவந்த அம்பாசிடருக்கும் 1958இன் அம்பாசிடருக்கும் பொதுவாக எஞ்சியிருந்தது பெரிதும் அந்த உடற்கூடுதான்.

இதற்கான காரணம் அழகியல் அன்று, பொருளியல். காரின் உடல் தகடுகளை அழுத்தி வார்க்கும் அச்சுகள் மிகுந்த முதலீட்டைக் கோருபவை. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிம முறையும் நிலவிய காலத்தில், போட்டி இல்லாத சந்தையில், அந்த அச்சுகளை மாற்ற எவருக்கும் அவசரம் இல்லை. எஞ்சினை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளுறுப்பை மாற்றுவது என்னும் உத்தி, பிற்காலத்து ஆர்வலர்கள் கண்டுபிடித்தது அன்று. அந்தக் காரைச் செய்த தொழிற்சாலையே அதைத்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவந்தது.

சென்னையின் சான்றும் இங்கே பொருந்தும். வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ‘ஹெரால்டு’ காரைத் தயாரித்தது. அதன் பிரிட்டிஷ் வடிவமைப்பில் பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அசையும். நம் சாலைகளில் இந்த அமைப்பு உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் உவப்பாக அமையவில்லை. 1972இல் வந்த ‘கஸல்’ ஹெரால்டின் வழித்தோன்றல், 948 சி.சி. எஞ்சின் அதேதான். ஆனால், பின்புறம் உறுதியான ஒற்றை அச்சு இடம்பெற்றது. கீழே குனிந்து பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும் மாற்றம் அது. காரின் நம்பகத்தன்மை பற்றி உள்ளூர் அனுபவம் வழங்கிய தீர்ப்பு என அதைக் கொள்ளலாம்.

அதே நிறுவனம் 1985இல் எதிர்த்திசையிலும் முயன்றது. ‘ஸ்டாண்டர்டு 2000’ காருக்கு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 என்னும் நவீன உடலை அளித்து, அதனுள் போருக்குப் பிந்தைய வேன்கார்டு காலத்து எஞ்சினை வைத்தது. புதிய உடல், பழைய எஞ்சின். சில ஆண்டுகளில் அந்தக் கார் சந்தையிலிருந்து மறைந்தது. அம்பாசிடரின் பழைய உடலும் புதிய எஞ்சினும் அதைவிட நெடுங்காலம் ஓடின.

தொழிற்சாலை செய்ததை ஷெட்களும் செய்தன. அதற்கான தேவையைச் சென்னை–திருப்பதி சாலை நன்கு உணர்த்தும். திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் எனச் செல்லும் அந்த வழியில் கோடை வெயில் 40 பாகையைத் தாண்டும். சமவெளியின் வெப்பத்தில் பல மணி நேரம் ஓடிய வண்டி, இறுதியில் திருமலை ஏற வேண்டும். 1944இல் முதல் மலைப்பாதை திறக்கப்பட்ட பின்னர் மோட்டார் வண்டிகள் மேலே சென்றன. பிற்காலத்தில் இரண்டாம் பாதை ஏற்றத்துக்கும் முதற்பாதை இறக்கத்துக்கும் என ஒதுக்கப்பட்டன. தாழ்ந்த கியரில், மெதுவான வேகத்தில், எதிர்க்காற்றின் உதவியின்றி நீண்ட ஏற்றம் ஏறும்போது பழைய காரின் பலவீனங்கள் யாவும் ஒருசேர வெளிப்படும்.

முதலாவது, எரிபொருள் ஆவியடைப்பு. எஞ்சினோடு ஒட்டிய பம்பு சூடேறும்போது குழாயில் உள்ள பெட்ரோல் ஆவியாகிறது. திரவத்தைத் தள்ளுவதற்காக அமைந்த பம்பினால் ஆவியைத் தள்ள இயலாது, வண்டி நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவது நம் ஓட்டுநர்களின் பழைய மருத்துவம். எரிபொருள் தொட்டிக்கு அருகே, வெளியே தெரியாத இடத்தில் ஒரு சிறிய மின் பம்பைப் பொருத்தினால் இத்தொல்லை பெருமளவு தீரும். அது பெட்ரோலை அழுத்தத்தோடு தள்ளுவதால் ஆவியாதல் குறைகிறது. பழைய பம்பை எஞ்சினின் பக்கத்தில் அப்படியே விட்டுவைக்கலாம்.

இரண்டாவது, பற்றவைப்பு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் நிமிடத்துக்கு 6000 முறை, அதாவது நொடிக்கு 100 முறை, திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறு தீப்பொறி அதன் முகத்தை அரிக்கிறது, இடைவெளி மாறுகிறது, அதனோடு பொறி எழும் நேரமும் பிறழ்கிறது. பாயிண்டுக்குப் பதிலாகத் தேய்மானமற்ற காந்த உணரியை வைத்து மூடியை மூடிவிட்டால், பானட்டைத் திறந்து பார்ப்பவரும் வேறுபாட்டை அறிய முடியாது. பழைய பாயிண்டைப் பெட்டியில் வைத்திருந்தால், வழியில் உணரி பழுதானாலும் திருகாணிக் கருவி ஒன்றைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்பலாம்.

மூன்றாவது, மின்னூட்டம். டைனமோ குறைந்த சுழற்சியில் மிகக் குறைவான மின்சாரமே தரும். மழை இரவில் முகப்பு விளக்கும் துடைப்பானும் ஓட, வண்டி நெரிசலில் ஊர்ந்தால், பேட்டரி மெல்ல வடிந்துவிடும். ஆல்டர்நேட்டர் குறைந்த சுழற்சியிலும் போதிய மின்சாரம் தரும். டைனமோவின் உருளை வடிவக் கூட்டுக்குள்ளேயே ஆல்டர்நேட்டரை அடக்கித் தரும் பாகங்கள் வெளிநாட்டுச் சந்தையில் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிரிட்டன் வழிவந்த அக்காலக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. இன்றைய மின்னணுக் கருவிகளோ எதிர்முனை இணைப்பை எதிர்பார்ப்பவை. முனையை மாற்றாமல் கருவியைப் பொருத்தினால் அது நொடியில் கருகிவிடும். பேட்டரியைப் பொறுத்தவரை, 1985இல் தொடங்கப்பட்டுத் திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் வளர்ந்த அமர ராஜா போன்ற நிறுவனங்களின் மூடிய பேட்டரிகள் தண்ணீர் ஊற்றும் வேலையையே ஒழித்துவிட்டன. தோற்றத்தில் கண்டிப்பானவர்கள் புதிய பேட்டரியைப் பழைய கறுப்புப் பெட்டிக்குள் மறைத்து வைப்பதும் உண்டு.

ரேடியேட்டரின் மேல்தொட்டியையும் வெளிச்சட்டத்தையும் வைத்துக்கொண்டு, உள்ளே கூடுதல் குழாய் வரிசைகளைக் கொண்ட கூட்டை அமைப்பதும் இவ்வகையே. பிரேக்கின் நிலை வேறு. 1950களின் கார்களில் பொதுவாக நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் பிரேக் முழுவதும் போய்விடும். இரட்டைச் சுற்றாக மாற்றுவதை நம்பகத்தன்மை என்பதைக் காட்டிலும் உயிர்ப் பாதுகாப்பு என்பதே சரி.

அண்மையில் மேலும் ஒரு நெருக்கடி சேர்ந்துள்ளது. நம் பெட்ரோலில் எத்தனாலின் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2025இல் 20 விழுக்காட்டை அடைந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கெடுக்கும். கார்புரேட்டரின் உட்புறத்தில் அரிப்பை உண்டாக்கும். 1960களின் ரப்பரை அசல் என்று கருதிக் காப்பாற்றுபவர், பெட்ரோல் கசிவையும் தீ ஆபத்தையும் சேர்த்தே காப்பாற்றுகிறார். எரிபொருளே மாறிவிட்ட உலகில், எதையும் மாற்றாத கார் ஓடும் காராக நீடிக்க இயலாது. அருங்காட்சியகத்தில் நிற்கலாம், சாலைக்கு வர முடியாது.

அப்படியானால் எல்லை எங்கே? வரலாற்று வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ‘பீவா’ 2012இல் ஏற்ற தூரின் சாசனம் இதற்கு விடை தர முயன்றது. நினைவுச் சின்னங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுந்தது அது. வாகனத்தை ஓட்டுவதையும் அது பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே ஏற்கிறது. தவிர்க்க முடியாத மாற்றங்கள் அடக்கமாகவும் மீட்கக்கூடியவையாகவும் இருக்க வேண்டும், கழற்றிய பாகங்களைப் பேண வேண்டும், செய்தவற்றைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், மின் பம்பும் காந்த உணரியும் எளிதில் தேறிவிடும். கூடுதல் கருவிக்காக டாஷ்போர்டைத் துளையிடுவது தேறாது. எனவே, மாற்றம் பெரிதா சிறிதா என்பதைக் காட்டிலும், அதைத் திரும்பப் பெற முடியுமா என்பதே பொருத்தமான கேள்வி.

இச்சிக்கல் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. காளஹஸ்தி கோயிலில் கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் புதிதாக எழுந்த கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு நடந்தது. தொல்லியலாளருக்கு 1516இன் கோபுரம் இன்று இல்லை. வாயிலில் நின்று அண்ணாந்து பார்க்கும் அடியவருக்குக் கோபுரம் இருக்கிறது. இருவர் கூற்றும் உண்மையே. முன்னது பொருளின் தொடர்ச்சியை அளக்கிறது. பின்னது பயன்பாட்டின் தொடர்ச்சியை அளக்கிறது. திருப்பணி என்னும் நம் மரபு பின்னதற்கே முதலிடம் தந்துவந்துள்ளது. கல்வெட்டுகள் அந்தத் திருப்பணிகளைப் பதிவுசெய்தன என்பதையும் மறக்கலாகாது. கோயிலின் மாற்றங்களைப் பற்றி நாம் இன்று பேச முடிகிறதென்றால், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கல்லில் வெட்டிவைத்ததே அதற்குக் காரணம்.

இனி சட்டத்துக்குத் திரும்பலாம். 1965இல் தயாரான ஓர் அம்பாசிடரையும் 1993இல் தயாரான ஐ.எஸ்.இசட். அம்பாசிடரையும் அருகருகே நிறுத்துவோம். முதலாவதில் உரிமையாளர் பின்னாளில் இசுசு எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார் என்று கொள்வோம். இரண்டின் உடலும் கிட்டத்தட்ட ஒன்று; எஞ்சினும் ஒன்று. ஆயினும், இரண்டாவது கார் 2043இல் 50 வயதை எட்டும்போது அசல் எனத் தகுதி பெறும். முதலாவதோ தன் எஞ்சினால் அத்தகுதியை இழக்கும். தொழிற்சாலை செய்த மாற்றம் வரலாறு ஆகிறது. ஷெட் செய்த அதே மாற்றம் குறை ஆகிறது.

எஞ்சின் மாற்றத்தைச் சட்டம் ஐயத்தோடு நோக்குவதற்கு நியாயங்கள் உண்டு. எஞ்சின் எண் வாகனத்தின் அடையாளம். திருட்டைத் தடுப்பதற்கும் புகை அளவைக் கட்டுப்படுத்துவதற்கும் அது வேண்டும். அடையாளத்தைக் காப்பதும் வரலாற்றுத் தகுதியை மறுப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதே என் வாதம். 1980களில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பொருத்துவது பரவலான ஷெட் தொழிலாயிற்று. எரிபொருள் விலை, வாடகை வண்டித் தொழில், உள்ளூர்க் கைத்திறன் ஆகியவற்றின் சந்திப்பில் விளைந்தது அது. அந்தக் கார்களை ‘மாற்றப்பட்டவை’ என்று ஒதுக்கினால், இந்தியச் சாலையின் தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு பெரும் அத்தியாயம் பதிவின்றிப் போகும். எஞ்சியிருப்பவை பெரும்பாலும் செல்வர் வீட்டு நிழலில் நின்ற, குறைவாக ஓடிய கார்களாக இருக்கும். உழைத்த வண்டிகள் வரலாற்றிலிருந்து நீங்கிவிடும். கால மாற்றங்களை ஆண்டோடு ஆவணப்படுத்திய வாகனங்களுக்கு விண்டேஜ் பதிவில் தனிப்பிரிவு ஒன்று அமைவது இதற்குத் தீர்வாகலாம்.

இவ்வட்டாரத்தின் அண்மை வரலாறு இந்த வாதத்துக்கு வலுவூட்டுகிறது. அம்பாசிடருக்குப் புதிய எஞ்சினைத் தந்த அதே இசுசு, தன் டி-மேக்ஸ் முதலான வாகனங்களை இந்தியாவில் முதலில் தயாரித்தது திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில். பின்னர் 2016 ஏப்ரலில் ஸ்ரீசிட்டியில் தன் சொந்த ஆலையைத் திறந்தது. அன்றைய சித்தூர் மாவட்டத்தில் அமைந்திருந்த அந்த இடம், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. விஜயபுரத்துக்கு வடகிழக்கே உள்ள அந்த ஆலையின் வரலாறு நிறுவன ஆவணங்களில் பத்திரமாக இருக்கும். அதே எஞ்சினைப் பழைய அம்பாசிடருக்குள் பொருத்துவதற்குத் தாங்கிகளை வெட்டி, பற்றவைத்து, கியர்க் கம்பிக்கு இடம் கண்ட ஷெட் தொழிலாளியின் அறிவுக்கு அத்தகைய ஆவணம் ஏதும் இல்லை. அது கையில் மட்டுமே இருக்கிறது, கையோடு மறையும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகரி, புத்தூர், திருத்தணி, சித்தூர்ப் பகுதிகளில் பழைய மோட்டார் ஷெட்களின் பில் புத்தகங்கள், வேலைக் குறிப்பேடுகள், எஞ்சின் மாற்றத்துக்கான பதிவுத் தாள்கள் கிடைத்தால், அவற்றைப் பழைய தாள் வியாபாரியிடம் போடுவதற்கு முன் ஒளிப்படம் எடுத்து வையுங்கள். முதிய மெக்கானிக்குகளின் பேச்சை, அவர்கள் வழங்கும் கலைச்சொற்களோடு, தமிழிலும் தெலுங்கிலும் அப்படியே ஒலிப்பதிவு செய்யுங்கள். ஆண்டு, வண்டியின் வகை, மாற்றிய பாகம், மாற்றியதன் காரணம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். பழைய காரை ஓட்டுபவர்களும் தம் வண்டியில் செய்த மாற்றங்களை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி, கழற்றிய பாகங்களோடு டிக்கியில் வைத்திருப்பது நல்லது.